கோவளத்தில் உறங்கும் டிமான்ட்டி

'டிமான்ட்டி காலனி' (2015) பார்த்தவங்களுக்கு ஜான் டிமான்ட்டி ஒரு பேய். கோவளம் பங்கு மக்களுக்கோ, கோயில் கட்டிக் கொடுத்தவர்.

சென்னையில் பெரும் சொத்து சேர்த்த இந்தப் போர்த்துகீசிய வணிகர், 1808-ல் இந்தக் கடலோரத்தில் கார்மேல் மாதா கோயிலை எழுப்பினார். 1821-ல் இறந்தபோது இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சொத்தைத் தர்ம காரியங்களுக்காகத் திருச்சபைக்கு எழுதி வெச்சுட்டார்; ஆழ்வார்பேட்டை காலனியும் அதில் ஒண்ணு.

ஆனா பணத்தால் கோயில் கட்டலாம், பங்கை உருவாக்க முடியாது. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று தலைமுறை தலைமுறையாக இந்த வாசலுக்கு வந்த குடும்பங்கள்தான் அதை வளர்த்தாங்க. 2002-ல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தபோது, கோவளமும் அதோடு சேர்ந்தது.

திகிலுக்காகக் காலனியைத் தேடிப் போறவங்க, ஒருமுறை இந்தக் கல்லறையையும் பார்த்துட்டு வரலாம்.