ஒரே ஒரு பிட், ஒரு ஹெட்லைட்

இன்னைக்கு பொம்மை ரயில் பத்திப் பேசப் போறோம். பொம்மைன்னு சொன்னா இந்த ஹாபில இருக்கிறவங்க கோவிச்சுப்பாங்க, அதனால மாடல் ரயில்னே வெச்சுக்கலாம். அதுலயும் குறிப்பா, அதுக்குள்ள எரியுற விளக்கோட வரலாறு.

ராத்திரி நேரத்துல ஒரு சின்ன ஸ்டேஷன்ல ரயில் வந்து நிக்குறதை நினைச்சுப் பாருங்க. சுத்தி இருட்டு, பெட்டிகளோட ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். மாடல் ரயில்ல பல வருஷம் இது நேர்மாறா நடந்தது. ஓடும்போது விளக்கு எரியும், ஸ்டேஷன்ல நின்னதும் மொத்த ரயிலும் இருட்டாகிடும்.

காரணம் சிம்பிள். பழைய டிசி முறையில் தண்டவாளம்தான் வயர். கன்ட்ரோலர் 0 முதல் 12 வோல்ட் வரை அதில் அனுப்பும். வோல்டேஜ் ஏறினால் வேகம் ஏறும், ப்ளஸ் மைனஸை மாத்தினால் ரிவர்ஸ். எஞ்சினோட மோட்டாரும் பெட்டியோட பல்பும் சக்கரம் வழியா எடுக்கிறது அதே மின்சாரத்தைத்தான். மெதுவா போனா மங்கல், நின்னா இருட்டு.

சும்மா இருப்பாங்களா? மோட்டாருக்குப் போற பாதையில ரெண்டு சிலிக்கான் டையோடை வரிசையா போட்டாங்க. ஒவ்வொண்ணும் சுமார் 0.7 வோல்ட் பிடிச்சு வெச்சுக்கும். அந்த 1.4 வோல்ட்ல ஒரு குட்டி பல்பை மாட்டினா, வேகம் எப்படி மாறினாலும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா இது எஞ்சினுக்குத்தான் சரி, அதுவும் மோட்டாருக்கு மின்சாரம் போற வரைக்கும்தான். பெட்டிகளுக்கு வந்த வழி இன்னும் அழகு: டிசி மேலேயே அதிக அதிர்வெண் ஏசியையும் சேர்த்து அனுப்புறது. மோட்டார் காயில் அந்த ஏசியை உள்ளே விடாது. பல்புக்கு முன்னாடி இருக்கிற கப்பாசிட்டர் டிசியை விடாது. ரயில் நிக்கும், பெட்டி எரியும். என்னைக் கேட்டா, இந்த மொத்தக் கதையிலயும் பெஸ்ட் ஹேக் இதுதான்.

அடுத்து எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. 1963ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஆஸ்ட்ராக் ஒரே தண்டவாளத்தில் 5 ரயில்களைத் தனித்தனியா ஓட்ட வெச்சது. 1979ல் பிரிட்டனின் ஹார்ன்பி ஜீரோ 1, 16 எஞ்சின்கள் வரை. இப்போ தண்டவாளத்துல எப்பவும் கரன்ட் இருக்கும், வேகம் ஒரு சிக்னலா தனியா போகும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் மார்க்லின், ஆர்னால்ட் ரெண்டுக்கும் டிஜிட்டல் முறை செய்து கொடுத்தது. ஆர்னால்டுக்கான முதல் டீகோடர்கள் 1989ல் வந்தன. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம், அதாவது என்எம்ஆர்ஏ, அதையே அடிப்படையா வெச்சு டிசிசி தரநிலையை உருவாக்கியது. 1993 அக்டோபர் மாடல் ரெயில்ரோடர் பத்திரிகையில் அந்த முன்மொழிவு வெளியானது.

இங்கதான் எனக்கு சுவாரஸ்யம் ஆரம்பிக்குது. டிசிசியில் எஞ்சினுக்குப் போற அடிப்படை பாக்கெட் வெறும் 3 பைட். முதல் பைட் முகவரி, மூணாவது பிழை கண்டுபிடிக்கிற பைட். நடுவில் இருக்கிற 8 பிட்தான் கட்டளை: 2 பிட் 'இது வேகக் கட்டளை'ன்னு சொல்ல, 1 பிட் திசை, கடைசி 4 பிட் வேகம். 4 பிட்ல 16 மதிப்பு. நிறுத்து, அவசரமா நிறுத்து ரெண்டையும் கழிச்சா 14 வேகப் படிகள். மீதி ஒரு பிட் இருக்குல்ல? அதுதான் ஹெட்லைட்.

14 படி பத்தலை, ரயில் குதிச்சு குதிச்சு வேகம் பிடிக்குது. 28 படி வேணும்னா இன்னொரு பிட் வேணும். எங்க இருந்து எடுப்பீங்க? ஹெட்லைட் கிட்ட இருந்து எடுத்தாங்க. விளக்கு இன்னொரு கட்டளைக்கு, மத்த ஃபங்ஷன்களோட குடிபோனது.

ஆனா ஏற்கெனவே எஞ்சினுக்குள்ள சோல்டர் பண்ணி மூடி வெச்ச பழைய டீகோடர்களை என்ன பண்றது? நம்ம ஆப் மாதிரி ராத்திரியோட ராத்திரியா அப்டேட் தள்ள முடியாது. அதனால தரநிலை ரெண்டு அர்த்தத்தையும் அனுமதிச்சது. எந்த அர்த்தம்னு டீகோடர்ல சிவி 29 என்ற செட்டிங் முடிவு பண்ணும். பழைய ஏபிஐயைக் கட்டி மேய்ச்ச யாருக்கும் இந்த முடிவு புரியும். நான் அந்தக் கமிட்டியில இருந்திருந்தாலும் இதுக்குத்தான் ஓட்டு போட்டிருப்பேன்.

விலை இல்லாம இல்லை. கன்ட்ரோலர் 28 படியில, டீகோடர் 14 படியில இருந்தா, வேகத்தை ஒவ்வொரு படியா ஏத்தும்போது ஹெட்லைட் எரியும், அணையும், எரியும், அணையும். புதுசா வர்றவங்க வயரிங் லூஸ்னு நினைச்சு எஞ்சினையே பிரிச்சுடுவாங்க. வயர்ல ஒண்ணும் இல்லை. வேகத்தோட கடைசி பிட்டை டீகோடர் விளக்குன்னு படிக்குது, அவ்வளவுதான். தலைகீழா செட் பண்ணியிருந்தா, விளக்கு பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணும் நடக்காது.

இன்னைக்கும் பல டீகோடர்கள் கடையில இருந்து வரும்போது சிவி 29ன் மதிப்பு 6. பைனரியில 110. நடுவுல இருக்கிற 1தான் 'ஹெட்லைட் வேற பாக்கெட்ல வருது, இங்க தேடாதே'ன்னு சொல்ற பிட்.