பம்பரின் நடுவே ஓர் ஒட்டு

எங்கள் வீட்டில் நின்ற மொறிஸ் மைனர் காரின் முன் பம்பர் ஒரே துண்டாக இருக்கவில்லை. இரண்டு பாதிகள், அவற்றின் நடுவே நான்கு விரல் அகலத்தில் ஒரு தகடு. தந்தையார் அதை மூன்றாம் கையாக வாங்கியிருந்தார். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின்னர், 1977 வரை இலங்கையில் பெரும்பாலானோர் அப்படித்தான் கார் வாங்கினார்கள். கராஜில் இருந்த பெரியவர் அந்த ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இது எங்கோ அடிபட்டு வந்த கார், விற்றவர் மறைத்துவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னார். தந்தையார் அதை நம்பி, விற்றவரோடு சில காலம் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தார்.

அந்தத் தீர்ப்பு தவறென்பது பல ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தக் காரை வடிவமைத்தவரின் வரலாற்றை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்குமுன் அவர் தம் வீட்டுக் கராஜில் கையால் செய்த வேறொரு காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் மட்டுமே அமரக்கூடிய சின்னஞ்சிறு பந்தயக் கார் அது.

அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மேர்னா நகரில் பிறந்தார். இன்றைய துருக்கியின் இஸ்மிர் அது. தந்தை கிரேக்க வழியினர், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர், கடல்சார் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். தாய் ஹுல்டா ஜேர்மன் வழியினர். தொழிற்சாலையின் ஓசையிலும் வரைபடங்களின் நடுவிலும் வளர்ந்த பிள்ளை. 1922 செப்டெம்பரில் துருக்கியப் படைகள் நகருக்குள் வந்தன. நகரின் பெரும்பகுதி தீக்கிரையானது. பிரித்தானியக் குடியினர் என்பதால் அந்தக் குடும்பத்தைக் கப்பலேற்றி மால்ட்டாவுக்குக் கொண்டு சென்றார்கள். வீடும் தொழிற்சாலையும் போயின. தந்தையும் விரைவிலேயே இறந்துபோனார். 1923இல் தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்தில் கரையேறினார்கள். இந்தப் பகுதியை நம்மவர்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

இலண்டன் பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியில் மகன் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தார். வரைதலில் அவரை வெல்ல ஆளில்லை. கணிதத்தில் மூன்று முறை தோற்றார். பிற்காலத்தில் புகழின் உச்சியில் நின்றபோதும் கணிதத்தைக் குறைத்துப் பேசுவதை அவர் விடவில்லை. படைப்பாற்றலுக்கு அது எதிரி என்றே சொல்லி வந்தார். தோற்ற மாணவனின் கோபம் அதில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவர் கணிக்காமல் விட்டவற்றையெல்லாம் பின்னாளில் யாரோ ஒருவர் கணித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்நாளைய இங்கிலாந்தில் பணமில்லாத இளைஞர்கள் ஓட்டப்பந்தயக் கார் வேண்டுமென்று ஆசைப்பட்டால் அவர்களுக்கு ஒரே வழி ஒஸ்ரின் செவன். 1922இல் வெளிவந்து 1939 வரை ஏறக்குறைய 290,000 கார்கள் செய்யப்பட்டன. சேர் ஹேர்பேட் ஒஸ்ரினின் கம்பனி அப்போது கடனில் தத்தளித்தது. சின்னக் கார் செய்வதைப் பணிப்பாளர் சபை விரும்பவில்லை. அவர் தம் வீட்டின் பில்லியட் அறையில், ஸ்ரான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரை உட்காரவைத்து அதை வரைந்தெடுத்தார். ஆக அந்தக் காரே ஒரு வீட்டு அறையில் பிறந்ததுதான். எஞ்சின் 747 கன சென்ரிமீற்றர். சட்டகம் ஆங்கில ஏ எழுத்தின் வடிவில் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான். பழையதானால் சில பவுண்களுக்குக் கிடைக்கும். மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு விரும்பிய வடிவத்தில் அலுமினியத் தகட்டை வளைத்துப் பூட்டலாம். அப்படிச் செய்யப்பட்டவற்றுக்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர்.

இசிகோனிஸும் ஒஸ்ரின் செவனின் பந்தய வகையான அல்ஸ்ரர் ஒன்றை வாங்கித் திருத்தி ஓட்டினார். திருத்தத் திருத்த ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. எஞ்சினின் வலுவை எவ்வளவு கூட்டினாலும் அந்த ஏ வடிவச் சட்டகம் வளைவுகளில் ஈரத்துணிபோல முறுகியது. சட்டகம் முறுகினால் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிலத்தைத் தொடுகின்றன என்பது சாரதிக்கே தெரியாது. இனி இதைத் திருத்திப் பயனில்லை, புதிதாகச் செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தில்தான் வரலாறு ஒருவருக்கு அநீதி செய்கிறது. ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பர் அவருடன் சேர்ந்தார். டௌசன் பொறியியலாளர். 1930களின் முற்பகுதியில் தொடங்கிய வேலை 1938இல்தான் முடிந்தது. கவென்றியில் ஹம்பர் கம்பனியில் வேலை பார்த்த இசிகோனிஸ், அருகே கெனில்வேர்த்தில் தாயுடன் குடியிருந்தார். அந்த வீட்டுக் கராஜில் மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் இருவரும் தகடு வெட்டினார்கள், அரம் பிடித்தார்கள், துளையிட்டார்கள். மின்கருவி எதுவும் இல்லை. 1936இல் இசிகோனிஸ் ஒக்ஸ்போட்டில் மொறிஸ் கம்பனிக்கு மாறிய பின்னரும் வேலை நிற்கவில்லை. இன்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இதை ‘இசிகோனிஸின் கார்’ என்கிறார்கள். வரைந்தவர் அவர்தான், ஐயமில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மாலைதோறும் தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் டௌசன்.

‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்று பெயரிட்டார்கள். எடை 300 கிலோவுக்கும் குறைவு. இரும்புச் சட்டகமே கிடையாது. இருபக்கமும் ஒட்டுப்பலகை, அதன்மேல் அலுமினியத் தகடு ஒட்டிய பலகைகள். அந்தப் பக்கப் பலகைகளே உடல், அவையே சட்டகம். எஞ்சினையும் அவற்றின் நடுவே ஒரு குறுக்குச் சட்டமாகப் பயன்படுத்தி விறைப்பைக் கூட்டினார்கள். நண்டுக்கு எலும்பு ஓட்டில் இருப்பதுபோல என்று சொன்னால் பொருந்தும். விமானங்கள் அப்போது அந்த முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. சின்னப் பந்தயக் கார்களில் அது அரிது.

இரண்டாவது, இறப்பர். அக்காலக் கார்களைத் தாங்கியவை உருக்கு வில்தகடுகள். பாரமானவை, தகடோடு தகடு உரசி ஒட்டிக்கொள்பவை. லைட்வெயிட்டில் முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசைந்தன. அவற்றை அமுக்கப்பட்ட இறப்பர் தாங்கியது. பின்புறத்தில், கவணில் இழுப்பதுபோல இழுபட்ட இறப்பர் வளையங்கள். உருக்கைவிட எடை குறைந்த இறப்பர், தன் உள்ளுராய்வினால் அதிர்வைத் தானே ஓரளவு விழுங்கியும்விடும். முன்புறத்தை விறைப்பாகவும் பின்புறத்தை மென்மையாகவும் அமைத்தார்கள். அந்நாளைய பந்தயக்காரர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்து, கார் வழுக்குகிறதே என்று சாரதியைக் குறைசொல்லிக் கொண்டிருந்தார்கள்.

எஞ்சினை மட்டும் அவர்கள் செய்யவில்லை. காற்றை அமுக்கி ஊட்டும் கருவி பூட்டிய எஞ்சின் ஒன்று ஒஸ்ரின் கம்பனியிலிருந்தே கிடைத்தது. 1939இல் ஷெல்சி வோல்ஷ், பிரெஸ்கொட் ஆகிய மலையேற்றப் போட்டிகளில் கார் ஓடியது. ஒவ்வொரு காராக நேரம் குறித்துச் செங்குத்தான குறுகிய பாதையில் ஏற்றும் போட்டி அது. நமது நுவரெலியா மஹகஸ்தோட்டைப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். கார் நன்றாகவே ஓடியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் போர் தொடங்கிவிட்டது.

போர்க்காலத்தில் மொறிஸ் கம்பனியின் உதவித் தலைவர் மைல்ஸ் தொமஸ், போருக்குப் பின்னர் விற்பதற்கு ஒரு சின்னக் காரை வடிவமைக்கும் பொறுப்பை இசிகோனிஸிடம் விட்டார். ‘மொஸ்கிற்றோ’ என்று இரகசியப் பெயர். இசிகோனிஸ் தம் கைபோன போக்கில் படங்களைக் கீறித் தள்ள, ஜாக் டானியல்ஸ், ரெக் ஜொப் என்ற இருவர் அவற்றை அளவோடு கூடிய வரைபடங்களாக மாற்றினார்கள். முன் சக்கரங்களுக்குத் தனித்தனி அசைவு, முன்னோக்கித் தள்ளிவைத்த எஞ்சின், கையின் கட்டளைக்கு உடனே திரும்பும் சுக்கான், சட்டகத்தை உடலோடு சேர்த்த கட்டுமானம் எனக் கராஜில் கற்ற பாடங்களில் பல இதில் வந்து சேர்ந்தன. இறப்பர் மட்டும் வரவில்லை. அதற்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள்.

1947இன் பிற்பகுதி. உற்பத்திக்கு எல்லாம் ஆயத்தம். இசிகோனிஸுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நீளத்துக்குக் கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று பட்டது. வேலையாட்களைக் கொண்டு மாதிரிக் காரைத் தலையிலிருந்து வால்வரை நடுவே அறுக்கச் செய்தார். இரண்டு பாதிகளையும் நகர்த்தி வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் அளந்தபோது நான்கு அங்குலம். கணிதத்தில் மூன்று முறை தோற்றவர் ஒரு காரின் அகலத்தைத் தீர்மானித்த விதம் இது.

ஆனால் பம்பர்கள் பழைய அளவில் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தன. அவற்றை எறிய முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் நடுவே வெட்டி, நான்கு அங்குலத் தகடொன்றை இடையில் வைத்துப் பூட்டினார்கள். எஞ்சின் மூடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் தட்டையான பட்டையும் அதே நான்கு அங்குலம்தான். பம்பரின் ஒட்டு சில ஆண்டுகளில் மறைந்தது. மூடியின் பட்டை 1971இல் கடைசிக் கார் வெளிவரும்வரை இருந்தது. வீட்டுக் கராஜில் ஸ்பெஷல் செய்பவன் அறுத்து ஒட்டும் அதே வேலையை ஒரு பெரும் தொழிற்சாலை செய்திருக்கிறது. கம்பனி அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. வெந்நீரில் உடைத்தூற்றி வேகவைத்த முட்டை என்று அதைப் பழித்தார். 1960 முடிவதற்குள் அந்த முட்டைகள் பத்து இலட்சத்தை எட்டின. மொத்தம் பதினாறு இலட்சம்.

விட்டுப்போன இறப்பர் 1959இல் வந்து சேர்ந்தது. இசிகோனிஸின் மினி காரைத் தாங்கியவை இறப்பர்க் கூம்புகள். அவற்றை வடிவமைத்தவர் அலெக்ஸ் மோல்ற்றன். ஜோன் கூப்பர் அந்த மினியைப் பந்தயக் காராக்கலாம் என்றபோது, இது சாதாரணக் குடும்பங்களுக்கான கார், பந்தயம் எதற்கு என்று முதலில் தயங்கியவர் இசிகோனிஸ்தான். ஆண்டுக்கணக்கில் கராஜில் பந்தயக் கார் செய்தவர்! 1964இல் மொன்ரே கார்லோ போட்டியில் மினி கூப்பர் வென்றது.

ஒஸ்ரின் செவனை வீட்டில் வைத்து அறுத்தவர்கள் வேறு பலரும் உண்டு. கொலின் சப்மன் 1948இல் இலண்டனில், காதலியின் பெற்றோர் வீட்டுக் கராஜில், பழைய ஒஸ்ரின் செவன் ஒன்றைத் திருத்திச் செய்ததே முதலாவது லோட்டஸ். நியூசிலாந்தில் புரூஸ் மக்லாரன் சிறுவனாக ஓட்டத் தொடங்கியது, தந்தையும் அவனும் சேர்ந்து சீர்செய்த ஓர் அல்ஸ்ரரில். அந்த இருவரின் கதைகளையும் தனியே எழுதவேண்டும்.

நம் ஊரில் பந்தயத்துக்காகக் காரைத் திருத்தும் வசதி பலருக்கு இருந்ததில்லை. திருத்தாமல் ஓடாது என்பதற்காகத் திருத்தினோம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமற் போனபோது, ஒஸ்ரின் ஏ 40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்களில் இது எளிதில் நடக்காது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் பொறுத்துக்கொண்டன. வீதியெல்லாம் வெண்புகை. அந்தப் புகையின் மணம் இன்னும் என் நாசியில் இருக்கிறது. அந்தக் கராஜ்காரர்கள் எவருடைய பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. டௌசனுக்காவது ஒரு வரி கிடைத்தது.

லைட்வெயிட் ஸ்பெஷல் போரைத் தாண்டியும் போட்டிகளில் ஓடியது. 1969இல் சேர் பட்டம் பெற்ற இசிகோனிஸ் 1988இல் இறந்தார். கார் அழியவில்லை, பிற்காலத்தில் பழைய கார்களின் ஒன்றுகூடல்களிலும் அதைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் மைனர் இப்போது இல்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அதை வளவிலேயே விட்டுவிட்டு நடந்தோம். திரும்பிச் சென்றபோது எஞ்சினும் சக்கரங்களும் கழற்றப்பட்ட வெறுங்கூடுதான் நின்றது. பம்பர் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. பம்பரின் கதையைத் தந்தையாருக்குச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. காரை விற்றவரின் மகனைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, ‘ஐயா சாகும்வரைக்கும் அந்தக் கார் அடிபடயில்லை எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவர், அண்ணை’ என்றார்.