ஹ்மாங் சிறார்களின் குடும்பப் பொறுப்புகள்: சுமையைப் பங்கிடாத சட்டமும் பள்ளியும்

வியட்நாமின் வட எல்லையில் உள்ள டோங் வான் பீடபூமியின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. அங்கே மக்காச்சோளம் பாறை இடுக்குகளில் விளைகிறது. மண்ணைக் கூடையில் சுமந்து வந்து இடுக்குகளை நிரப்பிய பிறகுதான் விதை ஊன்ற முடியும். அந்தக் கூடையைச் சுமப்பவர்களில் பிள்ளைகளும் உண்டு. இம்மலைகளில் பெருமளவில் வாழும் ஹ்மாங் மக்கள், அரசு ஏற்றுக்கொண்ட 54 இனங்களுள் ஒன்று. 2019 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 14 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 85 விழுக்காட்டினர் கின் பெரும்பான்மையினர்.

ஹ்மாங் சிறார்களின் வீட்டு வேலையைக் குழந்தை உழைப்பு என்று கண்டிப்பவர்கள் ஒருபுறம், மரபு என்று போற்றுபவர்கள் மறுபுறம். இரு தரப்பாருமே 'பிள்ளைகள்' என்று பொதுவாகப் பேசிவிடுகிறார்கள். ஒரே கூரையின் கீழ் மூத்த மகள் செய்வதும் கடைக்குட்டி மகன் செய்வதும் ஒன்றல்ல. வேலை இருக்கிறதா என்பதைவிட, அது யார்மேல் விழுகிறது என்பதே ஆராய வேண்டிய கேள்வி என்பது என் வாதம்.

அன்றாட உணவான 'மென் மென்' இதைத் தெளிவாகக் காட்டும். மக்காச்சோளத்தை உதிர்த்து, கல் திருகையில் அரைத்து, சலித்து, நீர் தெளித்துப் பிசறி, ஆவியில் வேகவைத்து, கொட்டிக் கிளறி, மறுபடியும் நீர் தெளித்து வேகவைக்க வேண்டும். இத்தனையும் பெரும்பாலும் தாயும் மகளும் செய்வது. மழையில்லா மாதங்களில் நீர் வற்றும் பீடபூமியில் அந்த நீரையும் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். மாடு மேய்ப்பதில் மகனுக்குப் பங்கு உண்டு; ஆனால் பூத்தையல் போட்ட துணியில் தம்பியை முதுகோடு கட்டிக்கொண்டே மற்ற வேலைகளையும் பார்ப்பது பெரும்பாலும் அக்காள்தான். தந்தைவழிச் சமூகம் இது. பெற்றோரை முதுமையில் காப்பது பொதுவாகக் கடைசி மகன். மகள் மணமாகி வேறு குலத்துக்குப் போய்விடுவாள். பதின்பருவ மணமும் இன்னும் மறையவில்லை. ஆகவே அவளுடைய உழைப்பு குடும்பத்துக்குக் கிடைக்கும் காலம் குறுகியது. அதனாலேயே அது சீக்கிரம் தொடங்கிவிடுகிறது.

இந்த வேலைகளால் பிள்ளைகள் பெறும் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தச் சரிவில் மண் நிற்கும், எந்தக் கதிரை விதைக்கு எடுத்துவைக்கலாம் என்பதை எந்தப் பாடநூலும் சொல்லித்தராது. குடும்பத்துக்கு உதவும் பிள்ளைக்கு வீட்டில் மதிப்பும் உண்டு. ஆனால் கேரளக் கடலோர ஊரொன்றை ஆராய்ந்து 1994இல் நூல் வெளியிட்ட ஓல்கா நியுவென்ஹாய்ஸ் காட்டியதுபோல, கூலியில்லாத வீட்டு உழைப்பு, அதிலும் சிறுமியரின் உழைப்பு, வேலைக் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

சட்டமும் இதற்குத் துணைபோகிறது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஆசியாவில் முதலில், 1990இல், ஏற்றது வியட்நாம். அவ்வுடன்படிக்கை பிள்ளைகளின் கடமைகளைப் பட்டியலிடுவதில்லை. அதே 1990இல் உருவான, குழந்தை உரிமைகளுக்கான ஆப்பிரிக்க சாசனம் அதைச் செய்கிறது. வியட்நாமின் 2016ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமும் ஆப்பிரிக்க வழியில் கடமைகளைச் சொல்கிறது. அதன் 37ஆம் பிரிவின்படி, பிள்ளைகள் தங்கள் வயதுக்கும் பாலினத்துக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற வேலைகளில் பெற்றோருக்கு உதவ வேண்டும். வயதும் வளர்ச்சியும் பிள்ளைக்குக் காப்பு. பாலினம் யாருக்குக் காப்பு? மூத்த மகளின் தோளில் ஏற்கெனவே இருக்கும் சுமைக்கு அது அரசு முத்திரை குத்துகிறது. அந்தச் சொல் நீக்கப்பட வேண்டும்.

பள்ளி நிலை இன்னும் சிக்கலானது. வீட்டிலிருந்து தொலைவில் பள்ளி உள்ள மலைப்பகுதி மாணவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 116ஆம் ஆணை உணவுப்படியும் மாதம் 15 கிலோ அரிசியும் வழங்கியது. நல்ல ஏற்பாடு, பசியைத் தீர்த்துப் பலரைப் படிப்பில் நிறுத்தியது. ஆனால் வார நாள்களில் விடுதியில் தங்கும் சிறுமி விட்டுவந்த வேலை தானாகக் குறையாது. அது தாயிடமோ தங்கையிடமோ போகும், இல்லையேல் வாரக்கடைசிவரை அவளுக்காகவே காத்திருக்கும். கல்வியாண்டு தொடங்கும் செப்டம்பரும் மக்காச்சோள அறுவடையும் ஏறக்குறைய ஒரே வேளையில் வருகின்றன. நாள்காட்டி தலைநகரில் எழுதப்படுகிறது. அறுவடை அதற்காகக் காத்திருக்காது. வகுப்பு நடப்பது வியட்நாமிய மொழியில் என்பதால், விட்ட பாடத்தை வீட்டில் யாரிடமும் கேட்டுப் பிடிக்கவும் வழி குறைவு.

உண்மையான மாற்றம் வேறு திசையிலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. 2010இல் 5 வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் முன்பள்ளி என்று அரசு முடிவெடுத்தது. 2025இல் அதை 3 முதல் 5 வயதுவரை விரித்தது. முன்பள்ளி தம்பிக்கு என்றாலும், விடுதலையில் பாதி அக்காளுக்கு. பீடபூமியில் மழைநீரைத் தேக்கக் கட்டிய மலைக்குளங்களும் அவ்வாறே அவளது நடையைக் குறைக்கின்றன. 3 வயதுக்குட்பட்ட குழந்தை மட்டும் இன்னும் அவள் முதுகில்தான் இருக்கிறது. குக்கிராமங்களில் குழந்தைக் காப்பகம் என்பதைப் பெண்கல்வித் திட்டமாகவே கருதிப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு எடுக்கும் சராசரிகள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. ஒரே வீட்டின் மகனையும் மகளையும் தனித்தனியே கேட்டு, அவரவர் வேலை நேரத்தைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள்.