இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்

வினாயகபுரம் போன்ற கிழக்கிலங்கைக் கரையூர் ஒன்றில் கரைவலை இழுத்தவர்கள் மீனைப் பங்கிடுகிறார்கள் என்று கொள்வோம். கூடைகள் 23 ஆயின், தனியொருவர் அன்றி 23 பேரே வந்தாலொழியச் சமபங்கு அமையாது. 24 ஆயின் 2, 3, 4, 6, 8, 12 ஆகிய எத்தனை பேர் வரினும் கூடை குலையாமற் பங்கிடலாம். ஒன்றையும் 24ஐயும் சேர்த்து அதற்குக் காரணிகள் எட்டு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய அனைத்தையும் காரணித் தொகையில் வெல்லும் எண்ணை மிகுபகு எண் எனலாம்.

ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன் 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டில் அவர் இவ்வெண்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1916இல் அவர் பெற்ற பட்டத்திற்கும் அதுவே அடிப்படை. அதில் 102 மிகுபகு எண்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. இறுதியில் நிற்பது 6746328388800. அதாவது 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

இப்பேரெண்ணை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை சின்னஞ்சிறு பகா எண்களே. இரண்டு ஆறு முறையும், மூன்று நான்கு முறையும், ஐந்தும் ஏழும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் பெருகி நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை 10080 என வரும். பகா எண்கள் இடையறாது வருவதும், அடுக்குகள் ஏறாது இறங்கியே செல்வதும் தற்செயல் அன்று. மிகுபகு எண் எதுவாயினும் அமைப்பு இதுவே என்பதையும், 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாகக் கடைசிப் பகா எண் ஒரு முறையே வரும் என்பதையும் இராமானுசன் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாற் கணித்த அப்பட்டியலில் தவறியது ஒன்றே ஒன்று: 293318625600. அதன் காரணிகள் 5040. வியப்பு யாதெனின், பட்டியலின் இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவே! கடைசிப் படியில் ஏறி நின்றவர் கண்ணுக்குக் கீழ்ப்படி ஒன்று தப்பியிருக்கிறது. ஆயினும் அவர் நிறுவிய விதிகளுள் ஒன்றும் இதனால் அசையவில்லை. பிழை பட்டியலோடு நின்றது.

பெரிய இழப்பு வேறோரிடத்தில் நேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் சங்கத்திற்குப் பண நெருக்கடி; ஆதலால் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. இராமானுசன் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் மறைந்தார். எஞ்சிய பக்கங்களை நிக்கோலா, ரொபேன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவர் குறிப்புரையோடு பதிப்பித்தனர். அவை 1997ஆம் ஆண்டு, இராமானுசன் பெயராலேயே நடைபெறும் கணித ஏட்டில் வெளியாயின.