மொழியாசிரியரின் அளவுகோல்

மேசையின் நீளத்தைக் கேட்டால் நீங்கள் அளவுகோலை எடுப்பீர்கள். காய்ச்சலை அறிய வெப்பமானி இருக்கிறது. ஆனால், பட்டம் பெற்று வெளிவரும் ஓர் இளைஞர் பிரெஞ்சையோ ஜெர்மனையோ பிறருக்குக் கற்பிக்க வல்லவரா என்பதை எதைக்கொண்டு அறிவது? மூன்று மணி நேரத் தேர்வு அவருடைய இலக்கண அறிவைக் காட்டும். தயங்கி நிற்கும் மாணவனை அவரால் பேசவைக்க முடியுமா என்பதைக் காட்டாது. இச்சிக்கலுக்கு ஐரோப்பியர் கண்ட விடையின் வரலாறு சுவையானது.

ஓவியர்கள் தாம் வரைந்த படங்களை ஓர் உறையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது பழைய வழக்கம். அவ்வுறைக்குப் போர்ட்போலியோ என்று பெயர். நாம் பணித்தொகுப்பு என்போம். 1991இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகோனில் கூடிய கருத்தரங்கு, மொழி கற்போர்க்கும் இத்தகைய தொகுப்பு வேண்டும் என்றது. நாடுகளுக்குப் பொதுவான ஓர் அளவுகோலும் வேண்டும் என்றது.

அளவுகோல் எப்படி உருவாயிற்று? ‘என்னால் கடையில் வேண்டியதைக் கேட்டு வாங்க முடியும்’ என்பன போன்ற வாக்கியங்களைத் தொகுத்தனர். சுவிட்சர்லாந்து ஆசிரியர்கள் அவற்றைக் கொண்டு தம் மாணவரை மதிப்பிட்டனர். டென்மார்க்குக் கணித அறிஞர் ராஷ் 1960இல் வெளியிட்ட முறை, மாணவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே கோட்டில் குறிக்க வல்லது. அம்முறைப்படி வாக்கியங்கள், வெப்பமானியின் கோடுகள்போல, வரிசைப்படுத்தப்பட்டன. 2001இல் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள் கொண்ட பொது அளவுகோல் வெளிவந்தது.

அடுத்து ஆசிரியர் முறை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலுள்ள ஐரோப்பிய நவீன மொழிகள் மையம், பயிற்சி ஆசிரியர்களுக்கான பணித்தொகுப்பை 2007இல் வெளியிட்டது. தன்னைப்பற்றிய கூற்று, தன்மதிப்பீடு, சான்றுகள் என அதில் மூன்று முக்கியப் பகுதிகள் உள்ளன. தன்மதிப்பீட்டில் 195 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘ஆம், இல்லை’ என்ற கட்டங்கள் இல்லை. ஓர் அம்புக்குறி இருக்கிறது. திறன் வளர வளர, தேதியிட்டு, அதைச் சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். மதிப்பெண் போடும் கருவியாக அன்றி, தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவே இதை அமைத்தனர்.

காகித உறை வலைத்தளமானதில் இயற்பியலாருக்கும் பங்குண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், விஞ்ஞானிகள் செய்திகளைப் பகிர்ந்துகொள்ள 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ திட்டமிட்டதே உலகளாவிய வலை. 1993 ஏப்ரல் 30இல் அது அனைவருக்கும் இலவசமாயிற்று. இன்று பாடத் திட்டத்தோடு வகுப்பின் ஒலி, ஒளிப் பதிவையும் அதில் வைக்கலாம். கடல் கடந்த கல்லூரியும் பார்க்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இலட்சக்கணக்கானோர் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டிஸ் சேவை அமெரிக்காவில் 2009இல் மூடப்பட்டது. ஆகவே நீங்கள் ஆசிரியராக விரும்பினால், தொகுப்பின் ஒரு படியை உங்களிடமே வைத்திருங்கள். மாணவர் முகம் தெரியும் பதிவை இசைவின்றி வெளியிடாதீர்கள்.

இன்னொன்று. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் பொருந்தாத அளவீட்டையும் நாம் அழிப்பதில்லை. பிழை எங்கே என்று தேட அதுவே உதவுகிறது. வெற்றிபெற்ற பாடங்களை மட்டும் அடுக்கிய தொகுப்பு விளம்பரமே. தோற்ற ஒரு வகுப்பும், அதிலிருந்து நீங்கள் மாற்றிக்கொண்டதும் இடம்பெறும்போதுதான் அது சான்றாகிறது.