நல்லம்பள்ளி – சான் பிரான்சிஸ்கோ: பயணத் தொலைவும் பறக்கும் நேரமும்

தருமபுரி மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றான நல்லம்பள்ளியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் பயணம் தரைவழி, வான்வழி என இரு பகுதிகளைக் கொண்டது. மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. தொப்பூர்க் கணவாய் இறங்கினால் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம், சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கிய அதன் சேவைகள் உள்நாட்டுக்கு மட்டுமே. ஆகவே வெளிநாடு போகிறவர்கள் வடக்கே வண்டியைத் திருப்புகிறார்கள்.

பெங்களூரு விமான நிலையம் நகரத்தையும் தாண்டித் தேவனஹள்ளியில் 2008இல் திறக்கப்பட்டது. நல்லம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சாலையில் ஏறத்தாழ 180 கி.மீ.; நேர்கோட்டில் 135 கி.மீ.தான். அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரை சீராக ஓடும் கார், சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்துதான் போகும். அதனால் நான்கு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது. அதே நேரத்தில் விமானம் 3,500 கி.மீ. பறந்துவிடும்.

பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ வான்தொலைவு சுமார் 14,000 கி.மீ. சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்து இதைக் கணித்தால் ஏமாந்துபோவோம். உலக உருண்டையில் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைப் பெங்களூருவிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகவே வடக்கே வழுக்கும். சீனா, கிழக்குச் சைபீரியா என ஏறி, ஆர்க்டிக் கடலோரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். இதுவே மிகக் குறுகிய வழி. வடதுருவத்தின் உச்சி வழியே போனால் ஏறத்தாழ 370 கி.மீ. கூடும்.

கூடினாலும் அந்த வழியே சில சமயம் லாபம். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம் எதிரே வந்தால் எரிபொருளும் நேரமும் கரையும். முதுகில் வீசினால் இரண்டும் மிஞ்சும். குறுகிய வழியும் விரைவான வழியும் ஒன்றல்ல என்பதைத்தான் பயண நேரம் பார்ப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இரு நகரங்களுக்கிடையே ஏர் இந்தியாவின் முதல் இடைநில்லா விமானம், சோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண்களே விமானி அறையில் அமர, வடதுருவ வழியில் வந்தது. 2021 ஜனவரி 9 இரவு சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 11ஆம் தேதி அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. விமானம் போயிங் 777. பறந்தது 17 மணி நேரத்துக்கும் மேல்.

பிராங்பர்ட்டில் மாறிச் சென்றால் மொத்த வான்தொலைவு சுமார் 16,550 கி.மீ. ஆகிறது. அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு நாள் கழிந்துவிடும்.

இந்தியாவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர வித்தியாசம் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி, கோடையில் பன்னிரண்டரை மணி. நல்லம்பள்ளியில் தை மாத இரவு எட்டு மணிக்கு அம்மா போன் செய்தால், அங்கே மகன் எழும் நேரம். அதே நாள் காலை ஆறரை.