போடி மலைக்காற்றும் பார்வை மானும்

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறினவங்களுக்கு ஆனி ஆடிக் காற்று எப்படின்னு சொல்ல வேண்டியதில்லை. கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி போடி, பொட்டிபுரம் பக்கம் வறண்டு இறங்கும். அப்படி ஒரு நாளில் அடிவாரத்தில் நின்று குரல் கொடுத்தால் மிருகம் வருமா?

எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைப் புரட்டியபோது வந்த கேள்வி இது. குருவிக்காரர், அதாவது நரிக்குறவர், வலை விரித்துவிட்டு நரி மாதிரியே ஊளையிட்டு நரிகளை வரவழைத்ததாக அதில் இருக்கு. குரல் தத்ரூபமா இருந்தா போதுமா? போதாது.

காற்று தரையை ஒட்டி மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடும். அதனால் எதிர்காற்றில் போகிற சத்தம் மேல்நோக்கி வளைந்து, தூரத்தில் நிற்கிற காதைத் தாண்டிப் போய்விடும். காற்றுப் போக்கில் கூப்பிட்டால் நல்லா கேட்கும். ஆனால் அதே காற்று வேட்டைக்காரன் வாடையையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். மான் ஓடிவிடும். குரல் போகணும், வாடை போகக்கூடாது. இதுதான் சிக்கல்.

இதற்கு மலைச்சரிவில் ஒரு வழி உண்டு. காற்றடங்கின விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் மெல்ல இறங்கும். அடிவாரத்தில் நிற்பவன் வாடை மேலே ஏறாது. தரையை ஒட்டிய குளிர்காற்று சத்தத்தையும் கீழ்நோக்கி வளைத்து வெகுதூரம் அனுப்பும் (மார்கழியில் பக்கத்து ஊர்க் கோயில் ஸ்பீக்கர் நம்ம வாசலில் பாடுற மாதிரி கேட்பது இதனால்தான்). வெயில் ஏறிச் சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அப்புறம் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. ஆனி ஆடியிலோ விடியலிலும் நம்ப முடியாது. எதிர்காற்று குரலைத் தூக்கிவிடும், இலைச் சலசலப்பு மிச்சத்தை விழுங்கும்.

இந்தச் சிக்கலை நம்ம ஆட்கள் வேறு விதமாகவும் தீர்த்திருக்காங்க. பழக்கின மானைக் கட்டிவைத்து காட்டு மானை வரவழைப்பது. சங்கப் பாட்டில் அதற்குப் பெயர் 'பார்வை'. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தில் அது கட்டியிருக்கு. புறநானூறு 320ல் வேட்டுவன் அசந்து தூங்க, ஒரு கலைமான் பார்வைப் பிணையோடு கூடி நிற்கிறது. சத்தம் போட்டால் கணவன் விழிப்பான், மானும் விலகும்னு மனைவி அசையாமல் இருக்கிறாள். காய வைத்த தினையைக் கோழியும் இதலும் தின்கின்றன. அவள் விரட்டவில்லை.

இங்கே வாடையே தூண்டில். மனிதக் குரல் தேவையில்லை, காற்று திசை மாறினாலும் பெரிய நஷ்டமில்லை. என் கணிப்பில் குரலை விட இதுதான் கெட்டிக்காரத்தனம்.

பறவைக்கு வாடைத் தொல்லையும் குறைவு. கூண்டில் பழக்கின ஆண் கவுதாரி கத்தினால் காட்டு ஆண் சண்டைக்கு வந்து கண்ணியில் விழும். சத்தம் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதும், அதற்கும் அமைதியான விடியல்தான்.

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்த வேட்டைக்கெல்லாம் படிப்படியாகத் தடை. இன்றைக்குக் காட்டில் குரல் கொடுப்பவர்கள் ஆந்தை கணக்கெடுப்பவர்கள். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, எத்தனை பதில் வருதுன்னு எண்ணுவாங்க. காற்று பலமா அடிச்சாலோ மழை பெய்தாலோ அன்றைக்கு வேலையை நிறுத்திடுவாங்க.